கல்லுக்கு எதிரே போட்ட பெஞ்சு

ராஜபாளையம் பக்கம் வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டிருந்தீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்த ஒரு சாப்பாட்டைச் சொல்கிறேன். அதுவே பதில் ஆகுமா என்று எனக்கு நிச்சயமில்லை.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். புது இயந்திரம் பூட்டித்தர ஜப்பானிலிருந்து தனாகா என்ற பொறியாளர் வந்திருந்தார். வந்த நாளிலிருந்து பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான். இப்படியே போனால் மனிதர் படுத்துவிடுவார், வேலையும் நின்றுவிடும் என்று பயந்த மேலாளர், அவரைச் சாப்பிட வைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

சாயங்காலம் ஆறரைக்கு மில் காரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம். பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம் தாராளம். உங்கள் ஊரில் விசேஷம் என்றால் எங்கே போய்ச் சாப்பிடுவீர்கள் என்று வழியில் கேட்டேன். தெப்பன்யாகி என்றார். பெரிய இரும்புக்கல்லில் இறைச்சி, காய், முட்டை எல்லாம் சுடச்சுட. நம் பரோட்டாக் கடையில் இல்லாத கல்லா என்று எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

பரோட்டாக் கல் தெருவைப் பார்த்து வாசலில்தான் இருக்கும். வேண்டிய விருந்தாளியை அந்தப் புகையில் யாரும் உட்கார வைப்பதில்லை. நான் வழக்கமாகப் போகும் கடைக்குக் கூட்டிப்போய், நானும் முறைப்படி உள்ளே ஃபேமிலி ரூமில், ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தேன். கொத்துப் பரோட்டா வந்தது. ஒரு வாய் வைத்தவர் கையை எடுத்துவிட்டார். காரமோ, எண்ணெயோ என்று நான் அவர் இலையையே உற்றுப் பார்த்தேன்.

டிரைவர் மாரியப்பன் காதருகே குனிந்தார். "சார், அவிய கண்ணு பூரா வாசல்ல இருக்க கல்லுலதான் இருக்கு. நீங்க இலையவே பாத்துட்டு இருக்கிய."

தயங்கித் தயங்கி தனாகாவிடமே கேட்டேன். அவர்கள் ஊரில் கல்லைச் சுற்றித்தான் உட்காருவார்களாம். சமைப்பதைப் பார்ப்பது பாதிச் சாப்பாடாம்.

மாரியப்பனும் நானும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய்க் கல்லுக்கு எதிரே போட்டோம். தனாகா உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்து, கண்கொட்டாமல் பார்த்தார். பரோட்டா மாஸ்டருக்குக் கை ஓடவில்லை.

"சார், அவிய சோதனை போட வந்திருக்காவளா?"

"ஏலே, அவரு பசிச்சு வந்திருக்காரு. நீ கொத்து," என்றார் மாரியப்பன்.

பிறகு மாஸ்டர் ஒற்றைக் கையால் முட்டை உடைத்தார், தாளம் மாற்றிக் கொத்தினார், தேவையில்லாத உயரத்தில் பரோட்டா வீசினார். தனாகா கைதட்டினார், ஒரு கொத்துப் பரோட்டாவை முடித்துவிட்டு, இன்னொன்று என்று விரலால் கல்லைக் காட்டினார். பக்கத்தில் இடம் விட்டு என்னையும் உட்காரச் சொன்னார். எத்தனையோ வருடம் அந்தக் கடைக்குப் போயும், கொத்துவதை அருகே இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

நீங்கள் போனால் ஏழு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு கூட்டம். வெள்ளைச் சட்டை வேண்டாம், எண்ணெய் தெறிக்கும். பால்கோவாவைத் திரும்பும்போது வாங்கலாம். உள்ளே ஃபேன் இருக்கிறது, வாங்க என்று கடைக்காரர் அன்பாகக் கூப்பிடுவார். மறுக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அன்றைக்குப் பிறகு நான் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை.