தயிர் எந்தப் பால்?

லிஃப்ட் கீழே இறங்கும் அரை நிமிஷத்துக்குள் சுபாஷிணி டீச்சர் வாக்கியத்தை ஒருமுறை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவார். எழுவாய், பயனிலை, மரியாதை விகுதி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். பிறகு நேராகக் காய்கறி வண்டிக்குப் போய், "மஹோதய், கிருபயா பிண்டி கா மூல்ய பதாயியே" என்பார். 'ஐயன்மீர், தயைகூர்ந்து வெண்டைக்காயின் விலையைப் பகர்வீராக' என்று மதுரை உழவர் சந்தையில் யாராவது கேட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. வண்டிக்காரர் தராசை வைத்துவிட்டுக் கைகூப்புவார். ஏதோ ஆசிரமத்து மாதாஜி என்று அவருக்கு முடிவாகிவிட்டது.

மதுரையில் இருபத்திரண்டு வருஷம் வீட்டிலேயே இந்தி டியூஷன் எடுத்தவர் டீச்சர். அவரிடம் படித்துப் பரீட்சையில் தோற்றவர் யாரும் கிடையாது. ஆனால் இந்திக்காரர் ஒருவரோடும் அதுவரை அவர் பேசியதில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை. கணவர் ஜெயகிருஷ்ணனுக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தபோது, சாமான் கட்டிக்கொண்டே டீச்சர்தான் தைரியம் சொன்னார்: "அங்க வந்து நீங்க வாயே தொறக்க வேணாம். எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்த மூன்றாம் மாதம், ஒரு காலையில் சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டது. டீச்சர் பதறவில்லை. பிளம்பரைப் போனில் கூப்பிட்டு, சமையற்கூடத்தில் ஜலத்தின் பிரவாகம் கட்டுப்பாட்டை மீறிவிட்டதாக நிதானமாகத் தெரிவித்தார். மறுமுனை கடைசிவரை கேட்டுவிட்டு வைத்துவிட்டது. மறுபடி கூப்பிட்டார், மறுபடி வைத்துவிட்டது. தண்ணீர் சிக்கனம் பற்றி சர்க்கார் பதிவு செய்து அனுப்பும் அறிவிப்பு என்று நினைத்ததாகப் பிளம்பர் பிற்பாடு சொன்னார்.

பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்ற ஜெயகிருஷ்ணன் போனை வாங்கினார். "பையா, பானி. பூரா பானி. ஜல்தி." தம்பி, தண்ணி, ஒரே தண்ணி, சீக்கிரம்: அவ்வளவுதான்.

கால் மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார்.

டீச்சர் தரையைத் துடைத்து முடித்தார். பிழிந்த துணியை உதறிக்கொண்டே, "நீங்க சொன்னதுல ஒரு வினைச்சொல்கூட இல்லங்க" என்றார்.

"ஆள் வந்துட்டாருல்ல" என்றார் அவர்.

கணவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. பத்து நாள் வண்டிக்காரரிடம் விரலால் சுட்டியே காய் வாங்கினார்.

பதினோராம் நாள் தயிர் பிரச்சினை. பால் கடையில் வாங்கிய டப்பாவைத் திறந்தால் புளிப்பு நெடி. இந்த ஊர் வெயிலுக்கு அது நடக்கக்கூடியதுதான். எடுத்துக்கொண்டு போய், "யஹ் தஹீ கட்டா ஹை", இந்தத் தயிர் புளிக்கிறது, என்றார். கடைக்காரர் புளிப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை, இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டா நஹீ ஆன்ட்டி, கட்டீ. தஹீ கட்டீ ஹோத்தீ ஹை."

வரிசையில் நின்ற நான்கு பேரும் தலையாட்டினார்கள். இந்தியில் எல்லாப் பொருளும் ஆணோ பெண்ணோ ஏதாவது ஒன்றாக இருந்தாக வேண்டும். தயிர் ஆண்; புளித்தால் 'கட்டா', பெண்ணாக இருந்தால்தான் 'கட்டீ'. 'கட்டீ' என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் டீச்சர் அரை மார்க் குறைத்து, தலையில் நறுக்கென்று ஒரு குட்டும் வைத்திருக்கிறார். டெல்லியோ யாரையும் கேட்காமல் தயிரைப் பெண்ணாக்கி வைத்திருந்தது.

டப்பாவோடு வீட்டுக்குத் திரும்பியவர் அட்டைப்பெட்டியைப் பிரித்து அகராதியை எடுத்தார். "பாருங்க, ஆண்பால்னுதான் போட்டிருக்கு."

ஜெயகிருஷ்ணன் பார்த்தார். "சரிதான். தயிரை மாத்திக் குடுத்தாரா?"

ரோஷத்தில் டீச்சர் அதைக் கேட்கவே இல்லை. கடைசிச் சோற்றுக்குத் தயிர் இல்லாவிட்டால் கணவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது என்பதும் டீச்சருக்குத் தெரியும்.

சாயங்காலம் மறுபடி போனார். வரிசையில் தமிழ் முகம் ஏதாவது இருக்கிறதா என்று இருபுறமும் பார்த்தார். இல்லை. டப்பாவை நீட்டி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்கிற குரலில் சொன்னார்.

"பையா, தஹீ கட்டீ ஹை."

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வேறு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போன டீச்சர், விரலை மடக்கித் தன் நெற்றியில் தானே நறுக்கென்று ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.