மேட்டூர் பார்த்துப் போட்ட குரூப்

பத்தாவது பாஸான பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த ஜூன் மாதம் எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா என்ன? தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன குரூப்பு?" என்று கேட்பார்கள். பிள்ளைக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் எல்லாரும் வந்து சேருகிற இடத்தில்தான் எனக்கு வேலை.

மயிலாடுதுறை போகிற பஸ் ரோட்டில் இருக்கிற அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட உதவியாள் நான். ப்ளஸ் ஒன் சேர்க்கை வந்தால் பூவரச மரத்தடியில் எனக்கு ஒரு மேசை போடுவார்கள். மேசைக்கு அடியில் சாக்பீஸோடு என் மூன்று வயது மகள் யாழினி. வருகிறவர்களுக்கு எந்தக் குரூப்பில் என்ன பாடம் என்று சொல்லி உள்ளே அனுப்பவேண்டும். நான் படித்ததும் இதே பள்ளிதான், விவசாயக் குரூப். அதனால் என்னிடம் யாரும் பயந்து பேசுவதில்லை.

மறக்கிற குரூப்

ஒரு நாள் ஒரு பெரியவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மார்க் சுமார். நான் வழக்கம்போல விரலை மடக்கினேன். "முதல் குரூப் கணக்கும் பயாலஜியும். ரெண்டாவது கம்ப்யூட்டர். மூணாவது வணிகம். நாலாவது விவசாயம். இந்த மார்க்குக்கு நாலாவது உடனே கிடைக்கும். நானே அதான் படிச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். குனிந்து, அடியில் சாக்பீஸ் தின்றுகொண்டிருந்த யாழினியையும் பார்த்தார். நான்தான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

"வெவசாயம் சொல்லிக்குடுக்க எங்க வீட்டுலயே ஆள் இருக்கும்மா. அத மறக்கச் சொல்லிக்குடுக்குற குரூப்பு எதுன்னு பாத்து அதுல போடு."

பிராக்டிகலும் டவுன் பஸ்ஸும்

தமிழரசி வந்தது அதே வாரத்தில். கூட அவள் அம்மா அஞ்சம்மாள். ஜூன் பிறந்தும் காலில் சேறு இல்லாமல் வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் காலைப் பார்த்தே ஆற்றில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

தமிழரசி எடுத்திருந்த மார்க்குக்கு முதல் குரூப்பைத் தட்டில் வைத்தே கொடுக்கலாம். எதற்கு அந்தக் குரூப் என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு அக்கா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்தம் பார்ப்பதைப் பார்த்தாளாம். "அந்த வேலதாங்க்கா" என்றாள், கடையில் பொருளைக் காட்டிக் கேட்கிற மாதிரி.

தடையாக நின்றது பஸ். பயாலஜி பிராக்டிகல் இருக்கிற நாளில் விட ஐந்தரை ஆகும். அவர்கள் ஊர்ப் பஸ் நாலே முக்காலுக்குப் போய்விடும். அடுத்தது இருட்டின பிறகு. எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குக் குரூப் போட்டது ஹெட்மிஸ்ட்ரஸ் இல்லை, டவுன் பஸ்தான். என் வீடு அவர்கள் ஊரைத் தாண்டி இருக்கிறது. பிராக்டிகல் நாளில் என் மொபெட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். பிரச்சினை தீர்ந்தது என்று நான் எழுந்தே விட்டேன். அஞ்சம்மாள் எழவில்லை.

அவர் வீட்டுக்காரர் கலியபெருமாள், சென்னையில் இருக்கிற ஒருவருடைய ஒரு ஏக்கரைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். தண்ணீர் வந்தால் குறுவை உண்டு, அஞ்சம்மாளுக்கு ஊரெல்லாம் நடவு வேலை உண்டு. வராவிட்டால் ஒன்றும் இல்லை. நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளை அழைத்துப் போகிற ஏஜெண்ட் ஏற்கெனவே ஒரு தடவை வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"பஸ்ஸ நீங்க பாத்துக்கிட்டீங்க, சரிம்மா. மேட்டூர் தொறந்தா முதல் குரூப்புங்க. தொறக்கலன்னா திருப்பூருங்க."

பச்சை பிடித்த நாற்று

மேட்டூரைத் திறக்கவில்லை. திறக்கவேண்டிய நாளில் டிவியில் இரண்டு கட்சிக்காரர்கள் யாரால் திறக்கவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் பயாலஜி டீச்சரிடம் போய் நின்றேன். நல்ல மனுஷி, முகம்தான் சிடுசிடுப்பு. தமிழரசிக்காக ஒரு இடத்தை நிறுத்திவைத்தார். "எத்தனை நாளைக்குடி நான் காலி ஸ்டூலுக்குப் பாடம் எடுக்குறது?" என்று தினமும் கேட்டார்.

டீச்சர் பொறுமை தீர்கிற நேரத்தில் அஞ்சம்மாள் வந்தார். நான் முதலில் பார்த்தது காலைத்தான். கணுக்கால்வரை சேறு. பக்கத்து வயல்காரர் தன் போர்வெல்லிலிருந்து தண்ணீர் விட்டிருக்கிறார். கலியபெருமாள் நாற்று விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு இப்படியா வருவது என்று வாட்ச்மேன் முணுமுணுத்தார். அஞ்சம்மாள் வேண்டுமென்றேதான் கழுவாமல் வந்தார் என்று எனக்குத் தோன்றியது.

"முதல் குரூப்பே போடுங்கம்மா. நாத்து பச்ச புடிச்சிருச்சு."

டீக்கடைக்காரர் சந்தேகம்

அந்தச் சில வாரங்கள் மாதிரி எனக்கு இந்த வேலையில் பிறகு அமையவில்லை. மொபெட்டில் முன்னால் யாழினி நிற்பாள், பின்னால் தமிழரசி. ரோட்டோரத்தில் முளைத்ததை எல்லாம் புத்தகப் பெயரால் கூப்பிட்டுக்கொண்டே வருவாள். எருக்குக்குக் கலோட்ராபிஸ். யாழினிக்கு அந்தச் சொல் என்னவோ பிடித்துப்போயிற்று. எருக்கஞ்செடி தெரிகிற இடமெல்லாம் தொண்டை கிழியக் கத்துவாள். எங்கள் ரோட்டில் எருக்குக்கா பஞ்சம்? பின்னாலிருந்து தமிழரசி சிரிக்கிற சிரிப்பில் வண்டி ஆடும்.

வாய்க்கால் பாலத்தருகே டீக்கடைக்காரர் ஒரு நாள் வண்டியை நிறுத்தினார். நிஜமாகவே வருத்தமாகக் கேட்டார்.

"புள்ள தெனமும் என் கடையத் தாண்டும்போதுதான் கத்துது. இங்கிலீஷ்ல வையுதா தங்கச்சி?"

இரண்டு துண்டு

நாற்றைப் பறித்து நடவேண்டிய நேரத்தில் வயலுக்கு மண் தோண்டுகிற இயந்திரம் வந்தது. எரிவாயுக் குழாய் பதிக்கிறார்களாம். சென்னைக்காரர் சம்மதம் கொடுத்து எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டார். நிலம் அவருடையது, சாகுபடி கலியபெருமாளுடையது. ஆனால் குத்தகை வாய்ப்பேச்சு. எந்த ஆபீஸிலும் பதிவு கிடையாது. அவரை யாரும் கேட்கவில்லை, கேட்க அவசியமும் இல்லை. இயந்திரம் நாற்றங்காலில் இறங்கியபோது அவர் போய் நாற்றின் மேலேயே படுத்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் சிலரும் படுத்தார்கள். போலீஸ் தூக்கி வேனில் ஏற்றியது. வழக்குப் போட்டுத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குழாயைப் புதைத்து மண்ணை மூடிய இடத்தில் நாற்று இல்லை.

ஆளும் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள். நான் விசாரிக்கப் போனபோது கொடியில் இரண்டு கட்சிக் கரைத் துண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. அஞ்சம்மாள் அழவில்லை. எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

"ரெண்டு கட்சியும் துண்டு போத்துனாங்கம்மா. போத்திக்கிட்டுத் தூங்கலாம். பொங்கித் திங்க முடியுமா?"

ஜன்னலோரம்

அடுத்த திங்கட்கிழமை தமிழரசி யூனிஃபார்ம் இல்லாமல், தீபாவளிப் பாவாடை தாவணியில் வந்தாள். புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க. ரோட்டில் மில் வேன் நின்றது. உள்ளே அவள் வயசில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். பயாலஜி டீச்சர் ஓடிவந்தார். ஹாஸ்டலில் சேர்க்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னென்னவோ சொன்னார். மூன்றாவது குரூப்புக்கு மாறிக்கொள், பஸ்ஸில் போய்விடலாம், ராத்திரி வீட்டு வேலைக்கு உதவலாம் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். குரூப்பை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்லிச் சொல்லியே பழகிப்போன வாய்.

"எனக்கு சாப்பாடு ஹாஸ்டல்ல போட்டுருவாங்க டீச்சர். அம்மாவுக்கும் தம்பிக்கும் யார் போடுவா?" என்றாள். டீச்சர் அவள் தோளைத் தடவிவிட்டு லேப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேன்காரன் ஹாரன் அடித்தான். யாழினி மேசைக்கு அடியிலிருந்து ஓடிவந்து அவள் தாவணியைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கும் வண்டியில் பின்னால் உட்காருவாயா என்று கேட்டாள். தமிழரசி அவளைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல், பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அடுத்த வருஷம் தண்ணி வந்தா வந்துருவேங்க்கா. லேப்புல ஜன்னலோரத்து எடத்துல மட்டும் யாரையும் உக்கார வைக்காதீங்க."

அடுத்த ஜூனிலும் மேட்டூரைத் திறக்கவில்லை. அந்த ஸ்டூலில் யாழினியின் பையை வைத்துப் பார்த்தேன். டீச்சர் பார்த்தும் பார்க்காத மாதிரி கொஞ்ச நாள் விட்டார், பிறகு ஒரு பிள்ளைக்கு இடம் போதவில்லை.

அதனால், பத்தாவது முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பூவரச மரத்தடிக்கு வருகிறவர்களே, மார்க் எத்தனை என்று எனக்குச் சொல்வதற்கு முன்னால், மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி என்று பேப்பரில் ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள்.