டீச்சர் வீட்டுக் கேட்டில் ஒரு கூட்டுப்புழு

பெரம்பலூரில் வீடு கட்டிக் குடிபோன வருஷம், வாசலுக்கு முன்னால் புல்தரை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். என் கணவருக்கு அதில் விருப்பமில்லை. அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எத்தனை நாளைக்கு ஓடும் என்றுதான் முதலில் கேட்பார். நர்சரியிலிருந்து பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்த புல்லைப் பார்த்தும் அதையே கேட்டார்.

"வருஷம் பூரா பச்சையா இருக்குமாம்" என்றேன்.

"யாரு சொன்னா?"

"நர்சரிக்காரரு."

"அவரு வூட்ல தண்ணி வருதாமா?"

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீருக்கு மனசு இருந்தால் வரும். மண்ணோ அசல் கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. வெயில் ஏறினால் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஒருமுறை என் வண்டிச் சாவி அப்படி ஒரு வெடிப்புக்குள் விழுந்து, அதை எடுக்க அவர் டிப்போவிலிருந்து காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

பங்குனியில் புல் மஞ்சளானது. சித்திரையில் தேங்காய் நார் மாதிரி ஆனது. குரோட்டன்ஸ் இலைகள் ஓரம் கருகின. ரோஜாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளிக்கும் தண்ணீரில் பாதியை மிச்சம் பிடித்து ஊற்றினேன். "புல்லு தெனம் குளிக்குது, நான்தான் குளிக்கல" என்று அவர் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அந்தப் புல்லைச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

எனக்கு வேலை அரியலூரில், ஓர் ஆபீஸில். தினமும் பஸ். ஜன்னலோரம் கிடைத்தால் தூக்கம், கிடைக்காவிட்டால் பராக்கு. அந்தச் சித்திரையில் தூக்கம் வராமல் வெளியே பார்த்துக்கொண்டே போனபோதுதான் ஒன்று உறைத்தது. அரியலூர் நெருங்க நெருங்க சிமெண்ட் லாரிகள் கிளப்பும் தூசி ரோட்டோரச் செடிகள் மேல் மாவு மாதிரி படிந்திருக்கும். அந்தத் தூசிக்கும் மேலே தலையை நீட்டிக்கொண்டு ஆவாரஞ்செடிகள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தன. அவற்றுக்கு யார் வாளியில் தண்ணீர் கொண்டு போனார்கள்?

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்த ஆவாரையில் காய்ந்த காய்களைப் பறித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அக்கா ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"சுகருக்கா?" என்றாள்.

"இல்லக்கா. வெதைக்கு. வூட்ல வெக்கப் போறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆவாரைய போயி வூட்லயா? சும்மா போட்டா மொளைக்காது, கல்லு மாதிரி கெடக்கும். சுடுதண்ணி ஊத்தி ஒரு ராத்திரி வெச்சிட்டுப் போடுங்க."

அப்படியே செய்தேன். முளைத்தது. அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது கேட்பேன். ஆடுகள் ஒரு செடியை மட்டும் சுற்றிக்கொண்டு போவதைக் காட்டி அதென்ன என்று கேட்டேன். தரையோடு படர்ந்த கொடி. சிறுநீரக வடிவில் சாம்பல் பூத்த பச்சை இலைகள், கருஞ்சிவப்பில் குழல் மாதிரி பூ.

"ஆடுதீண்டாப்பாளை. பேருலயே இருக்குல்ல? ஒரே கசப்பு. எதுவும் வாய வெக்காது."

எதுவும் வாய் வைக்காத செடி என்றால் எனக்கு வேலை மிச்சம். வேரோடு ஒரு பிடி தோண்டிக் கொடுத்தாள். ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு வருஷத்தில் வாசல் மாறிவிட்டது. ஆவாரை, வேலியோரம் நொச்சி, கம்பியில் பிரண்டையும் கோவையும், சமையலறைப் பக்கம் தூதுவளை, தானாக வந்த மணத்தக்காளி. குளியலறைத் தண்ணீரை ஒரு பைப் போட்டு நேரே தோட்டத்துக்குத் திருப்பிவிட்டது என் கணவர். புல்லுக்குச் செய்யாத வேலையை நொச்சிக்குச் செய்தார். வேர் பிடித்த பிறகு ஆவாரைக்கு அந்தத் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை. காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் சர்க்கரைக்கு நல்லது என்று பூவைப் பறித்துக்கொண்டு போவார்கள். முதலில் கேட்டுப் பறித்தார்கள். பிறகு கேட்காமல் பறித்தார்கள். ஒருவர் மட்டும், "இன்னிக்கு பூ கம்மியா இருக்கேங்க" என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். வரதராஜன்பேட்டைக்காரர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார், மகனுக்குச் சென்னையில் வேலை. அவர் வாசல் முழுக்க சிமெண்ட். ஒரு வேப்பிலை விழுந்தால் போதும், துடைப்பத்தோடு வந்துவிடுவார். கூட்டிய சருகைக் கொளுத்தப் போகும்போது நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்து செடிகளுக்கு அடியில் மெத்தையாகப் பரப்புவேன். மண் வெடிக்காமல் இருக்க அதைவிட நல்லது எதுவுமில்லை.

"நான் கூட்டிப் போடுறேன், நீ பரப்பி வெக்கிற" என்பார் டீச்சர். "உன் வூட்டப் பாத்தா யாரும் குடியில்லாத வூடு மாதிரி இருக்கும்மா."

இந்தச் சமாதானம் அந்த ஆவணி வரை நீடித்தது. நல்ல மழை. ஆடுதீண்டாப்பாளை மதில் தாண்டுகிற அளவுக்குப் படர்ந்திருந்தது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கொடியில் பாதி இலை இல்லை. இலை இருந்த இடத்தில் புழுக்கள். கறுத்த அரக்கு நிறம், உடம்பெல்லாம் சிவப்பு முட்கள், நடுவில் சுண்ணாம்பில் இழுத்த மாதிரி வெள்ளைப் பட்டை. எதுவும் வாய் வைக்காது என்று அக்கா சொன்ன செடியை மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்தன. எனக்கும் முதலில் உடம்பு கூசத்தான் செய்தது. போனில் தேடிப் பார்த்தபோது, அது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு என்றும், இந்தப் பாளைக்குடும்பச் செடிகளைத் தவிர வேறெதையும் தின்னாது என்றும் தெரிந்தது.

மறுநாள் டீச்சரின் குரல் தெருவுக்கே கேட்டது.

"ஏம்மா! இங்க வா! உன் கம்பளிப்பூச்சி என் சிமெண்டு மேல ஊர்கோலம் போவுது!"

போய்ப் பார்த்தேன். நான்கைந்து புழுக்கள் அவர் வாசலைக் கடந்துகொண்டிருந்தன. டீச்சர் ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்திருந்தார். மறு கையில் பூச்சி மருந்து டப்பா.

"அடிக்காதீங்க டீச்சர். இது கடிக்காது, அரிக்காது."

"நீ சொல்ற. பட்டா எனக்குத்தானே அரிக்கும்?"

வேறு வழி தெரியவில்லை. குனிந்து ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் விட்டேன். முட்கள் என்று நினைத்தது ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்தது. டீச்சர் இரண்டடி பின்னால் போனார். பிறகு ஓரடி முன்னால் வந்தார்.

"அரிக்கலியா?"

"இல்லீங்க."

"சரி. இன்னிக்குள்ள அத்தனையும் எடுத்துட்டுப் போயிரு. நாளைக்கு ஒண்ணு இருந்தாலும் அடிச்சிருவேன்."

ஒரு டப்பாவில் பொறுக்கிக்கொண்டு வந்து கொடியில் விட்டேன். எல்லாம் எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து டீச்சர் மறுபடி கூப்பிட்டார், இந்த முறை சத்தமில்லாமல், மதில் மேல் எட்டிப் பார்த்துக் கையசைத்து.

அவர் வீட்டு இரும்புக் கேட்டில், தாழ்ப்பாளுக்கு ஒரு விரற்கடை மேலே, ஒரு கூட்டுப்புழு ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த இலை சுருண்ட மாதிரி பழுப்பு நிறம். இடுப்பில் ஒரு மெல்லிய நூல் அதைக் கம்பியோடு பிடித்து வைத்திருந்தது.

"மன்னிச்சிருங்க டீச்சர், ஒண்ணு தப்பிச்சிருச்சு. ஆனா இப்ப பிச்செடுத்தா செத்துப்போயிரும்" என்றேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"முப்பது வருஷமா போர்டுல இதைப் படமா போட்டிருக்கேன்மா. முட்டை, புழு, கூடு, பூச்சி. நாலு படம், நடுவுல அம்புக்குறி. நேர்ல ஒரு தடவகூட பாத்ததில்ல."

அன்றிலிருந்து அந்தக் கேட் திறக்கப்படவில்லை. கேட்டைத் திறந்தால் தாழ்ப்பாள் இடிக்கும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். அதற்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். பால் அப்படித்தான் போனது. காய்கறி அப்படித்தான் போனது. கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் எங்கள் ஆவாரைக்கு நடுவே நின்று, "நெசமாவே புழுவுக்காகவாங்க?" என்று இரண்டு முறை கேட்டார். என் கணவரும் அவருமாகச் சேர்ந்து சிலிண்டரை மதிலுக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள்.

அந்த வாரக் கடைசியில் டீச்சரின் மகன் சென்னையிலிருந்து காரில் வந்து ஹாரன் அடித்தார். டீச்சர் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"கேட்ட தொடாதடா! பக்கத்து வூட்டு வழியா ஏறி வா!"

நாற்பது வயதுக்காரர், இஸ்திரி கலையாத பேன்ட்டோடு எங்கள் ஸ்டூலில் ஏறி நின்று என்னைப் பார்த்தார். "அம்மாவுக்கு ஒடம்பு நல்லா இருக்குதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நல்லாத்தான் இருக்காங்க என்றேன். அன்று மத்தியானம் அவரும் கேட்டுக்கு முன்னால் குனிந்து நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் காலையிலேயே மதில் ஏறி மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டார். நான் மணத்தக்காளிக் கீரை பறித்துக்கொண்டிருந்தேன். ஏதோ தோன்றித் திரும்பினால் கூடு வெடித்திருந்தது. உள்ளேயிருந்து நனைந்த துணி மாதிரி ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது. கீரையைப் போட்டுவிட்டு டீச்சருக்கு போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். தெருமுனை வரை ஓடிப் பார்த்தேன், ஆளைக் காணோம். திரும்பி வருவதற்குள் அது கம்பியில் தொங்கி இறக்கையை விரித்துவிட்டது. கறுப்பு இறக்கை, வெள்ளைப் பட்டை, குங்குமச் சிவப்பில் உடம்பு. வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு ஆவாரைக்கு மேலாக எழும்பிப் போய்விட்டது.

அது போன கொஞ்ச நேரத்தில் டீச்சர் வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். போய் காலிக் கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஏதோ அவர் பொருளைத் திருடிவிட்ட மாதிரி இருந்தது.

"மொதல்ல என்ன வந்துச்சு? தலையா, காலா?"

"தலைங்க டீச்சர்."

"ரெக்க விரிய எவ்ளோ நேரம் ஆச்சு?"

"கால் மணி நேரம் இருக்கும். நான் உங்களத் தேடி ஓடிட்டேன், சரியா பாக்கல."

"நீயும் சரியா பாக்கல" என்றார். கோபமாகத்தான் சொன்னார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் கடப்பாரைச் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு கொத்தனார் டீச்சரின் வாசல் சிமெண்டை, கேட்டை ஒட்டிச் சதுரமாக உடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் பக்கத்தில் அளவுகோலோடு நின்றார்.

"ரெண்டடிக்கு ரெண்டடி. அதுக்கு மேல ஒரு இஞ்ச் கெடையாது" என்றார் என்னைப் பார்த்ததும். "அந்தக் கொடில வேரோட ஒரு பிடி குடு."

கொடுத்தேன். கரிசல் மண் அதற்குச் சொந்த ஊர், உடனே பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழைக்குப் பிறகு அவர் கொடியிலும் புழு வந்தது. ஒன்று மறுபடி கேட்டையே தேர்ந்தெடுத்தது, இந்த முறை கீல் பக்கம். கூட்டுக்குள் இறக்கையின் நிறம் தெரிய ஆரம்பித்த அன்று விடிந்ததிலிருந்து டீச்சர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் காபி கொடுத்தேன், ஆறிப்போனது. பேப்பர் மடியிலேயே கிடந்தது. நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். எட்டரை மணிக்குக் கூடு வெடித்தது. டீச்சர் என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். இறக்கை முழுசாக விரிந்து, அது பறந்துபோகும்வரை விடவில்லை.

அன்று அவர் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார், பிரண்டைத் துவையலும் மோர்க்குழம்பும். நடந்ததை என் கணவரிடம் முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். முடித்துவிட்டு, ஏதோ விட்டுப்போனதாக நினைத்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார். என் கணவர் சாப்பிட்ட கை காய்ந்துபோகும்வரை எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.