டைல்ஸ் பாஸ் வீட்டு வெடிப்பு

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி அண்ணாந்து பார்த்தால் தெரிகிற தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற மேற்பிரிவு லயத்து வரிசையின் கடைசி வீட்டுக்கு ‘ஹோட்டல்’ என்று பெயர். பெயரை வைத்தது ஊர். கேலிக்கு வைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவன் சுதாகரன். அப்படிப்பட்ட ஆள்தான் அவன். இதை அவனே இப்போது போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான், அதனால் நாம் சொல்வதில் பாவம் ஒன்றுமில்லை.

சுதாகரன் டைல்ஸ் பாஸ், அதாவது டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. கொழும்பில் வேலை. வெள்ளவத்தைப் பக்கம் மாடிமேல் மாடியாக எழும்புகிற வீடுகளுக்குத் தரை போடுகிறவன். மாதக் கடைசியில் ஊருக்கு ரயிலேறும்போது, வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சிய டைல்ஸைக் கேட்டு வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவான். மற்ற அப்பாமார் பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் திராட்சையும் கொண்டுவர, இவன் கல்லைச் சுமந்துகொண்டு மலை ஏறுவான். இப்படிச் சேர்ந்ததில் அவன் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் ஒரு டாக்டர் வீட்டுக் குளியலறையும், முன்னறையான முன்காம்பராவில் ஒரு வக்கீல் வீட்டுச் சமையலறையும், உள்காம்பராவில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தின் படிக்கட்டும் கிடந்தன. நிறம் ஒன்றோடொன்று சேராது. ஆனால் லெவல் பிசகாது. கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். வருகிறவர்கள் யாரும் கோலிக்குண்டோடு வராததால், தானே ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

மனைவி பூரணிக்குத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வேலை. ஒரே மகள் லோஜினி. அவள் பெரியபிள்ளையான வருஷம்தான் உள்காம்பராவின் பின்சுவரில், மலையைப் பார்த்த பக்கம், ஒரு வெடிப்பு விழுந்தது. சடங்குக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், டைல்ஸ் பாஸ் வீட்டில் வெடிப்பா? கினிகத்தேனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நஜீம் நானாவிடம் போய், சுவரில் அடைக்கிற ஃபில்லர் கேட்டான்.

“இது வெடிப்புக்கு மருந்தில்ல தம்பி, மூஞ்சிக்குப் பூசுற பவுடர் மாதிரி. உள்ளுக்குள்ள என்னண்டு பாருங்க” என்றார் நஜீம் நானா.

“குடுங்க நானா, நான் பாத்துக்கிறேன்” என்றான் தொழில் தெரிந்தவன்.

அடைத்தான். பூசினான். இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டி, அதற்கு மேலே பச்சை பெயின்ட் அடித்தான். சடங்குக்கு வந்தவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதான் படம் எடுத்தார்கள். அடுத்த மழைக்கு பெயின்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு வந்தது. மறுபடியும் பூசினான். அதற்கடுத்த மழைக்கு மறுபடியும் வந்தது, மறுபடியும் பூசினான். மலைக்கும் அவனுக்கும் இப்படி ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. மலைக்கு அவசரம் இல்லை என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

போன பெருமழையில் லயத்துக்கு மேலே நிலமே பிளந்தது. அதற்குப் பிறகுதான் புதிய வீட்டுக்கு அரசாங்க உதவி என்ற பேச்சு வந்தது. கீழே மட்டமான இடத்தில் காணி, அஸ்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறக் கட்டம் கட்டமாகப் பணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத் தலைவர் விஜிதரன் எல்லோரையும் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் கூட்டி, யார் யாருக்குக் கிடைக்கும் என்று விளக்கினார்.

“மொதலாவது, லயத்துல குடியிருக்கணும். வேற எங்கயும் வீடு, காணி இருக்கக்கூடாது.”

சுதாகரன் தலையாட்டினான். அவனுக்குச் சொந்தமாக இருந்தது சாக்கு டைல்ஸ் மட்டுந்தான்.

“ரெண்டாவது, குடும்பத்துல ஒருத்தராவது தோட்டத்துல பேர் பதிஞ்சிருக்கணும்.”

பூரணி இருக்கிறாள். அதற்கும் தலையாட்டினான்.

“மூணாவது, இப்ப இருக்கிற வீடு குடியிருக்க லாயக்கில்லன்னு வர்ற உத்தியோகத்தர் கண்ணால பாத்து எழுதணும்.”

கூட்டம் மொத்தமும் திரும்பிச் சுதாகரனைப் பார்த்தது.

அன்றிலிருந்து லயத்தில் ஒரு புதுப் பெருமை தொடங்கியது. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் அதே பேச்சு. எங்கள் வீட்டு வெடிப்பில் எலி போகும் என்றார் ஒருவர். எங்கள் வீட்டில் பூனையே போகும் என்றார் அடுத்தவர். வயசாகி வேலையை விட்ட வீரய்யா, தன் வீட்டுச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டு டீவியில் நாடகம் பார்ப்பதாகச் சொல்லி எல்லோரையும் வாயடைத்தார். பெருமை என்றால் எப்போதும் முதல் ஆளாக நிற்கும் சுதாகரன், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

“ஒங்க வீட்டு வெடிப்ப பாக்க எக்ஸ்ரேதான் எடுக்கணும் பாஸ்” என்று பின்னாலிருந்து விஜிதரன் குரல் கொடுத்தார்.

உத்தியோகத்தர் வருகிற நாளைக்கு லீவு போட்டு ஊருக்கு வந்த சுதாகரன், முந்தின நாளே பூரணியிடம் திட்டத்தைச் சொன்னான்.

“நாளைக்கு வீட்ட கூட்டாத. பாத்திரம் கழுவாத. தெரச்சீலைய எல்லாம் கழட்டிப்புடு.”

“எதுக்குங்க?”

“நாம கஷ்டப்பட்ட ஆளுங்கன்னு தெரியணும்ல.”

“கஷ்டப்பட்ட ஆளுங்க வீட்ட கூட்டமாட்டாங்களா?”

பூரணி மறுநாள் விடியற்காலையிலேயே எழுந்து வீட்டைக் கூட்டி, கழுவி, துணி போட்டுத் துடைத்தும் விட்டாள். அரசாங்கத்திலிருந்து ஒரு பொம்பளைப் பிள்ளை வீடு தேடி வருகிறது, குப்பையைக் காட்டி அனுப்புவதா என்பது அவள் கட்சி. சுதாகரனால் முடிந்தது, முன்காம்பரா நடுவில் ஒரு பழைய வாளியைக் கொண்டுவந்து வைத்ததுதான்.

“இது எதுக்குப்பா?” என்றாள் லோஜினி.

“கூர ஒழுகுது.”

“மழையே பேயலயே.”

“கொஞ்சம் தண்ணி ஊத்தி வையி.”

உத்தியோகத்தர் சுலக்ஷனா சின்னப் பெண். காலில் பெரிய பூட்ஸ், அதில் கணுக்கால் வரை செம்மண். லயத்தின் முதல் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லா வீட்டிலும் பூட்ஸோடுதான் ஏறினார், இறங்கினார். சுதாகரன் வீட்டு வாசலுக்கு வந்தவர் தரையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். குனிந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

வீடு கைநழுவிப் போனது சுதாகரனுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

உள்ளே வந்தவருக்குப் பூரணி விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற தங்கக்கரைக் கோப்பையில் தேத்தண்ணியும், கூடவே கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். சுலக்ஷனா சுற்றிலும் பார்த்தார்.

“வீடு ரொம்ப அழகா இருக்குண்ணே. யாரு டைல்ஸ் போட்டது?”

யாரோ போட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இருமியாவது இருக்கலாம். ஆனால் அவன் வாய் அவனைக் கேட்டுக்கொண்டா திறக்கிறது?

“நான்தான் மிஸ்! லெவல் பாருங்க!” என்று சட்டைப்பையில் கையை விட்டுக் கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தான். அது வைத்த இடத்தில் நின்று தொலைத்தது.

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வீரய்யா தலையில் கையை வைத்துக்கொண்டார். பூரணி பார்த்த பார்வையில் சுதாகரன் கோலிக்குண்டைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். நடுவில் இருந்த வாளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது தரையைத் துடைத்த வாளி என்று சுலக்ஷனா நினைத்திருக்க வேண்டும்.

“சொவர்ல வெடிப்பு ஏதாவது இருக்கா?”

“இருக்கு மிஸ். பெருசா இருக்கு. ஆனா தெரியாது.”

“தெரியாதுன்னா?”

“நான் மூடிட்டேன்.”

சுலக்ஷனா பின்சுவரைத் தடவிப் பார்த்தார். பச்சை பெயின்ட் போன வாரம்தான் அடித்த மாதிரி இருந்தது. உண்மையில் போன மாதம்தான் அடித்தான்.

“தெரியாத வெடிப்ப நான் எப்பிடிண்ணே எழுதுறது? அளவு வச்சு, படம் எடுத்து அனுப்பணும். இப்ப பாத்தா நல்ல நெலைமையில இருக்கிற வீடுன்னுதான் எழுதலாம்.” அவருக்கும் சங்கடமாக இருந்தது. “பக்கத்து லயத்தையும் முடிச்சிட்டு இந்த வழியாத்தான் திரும்புவேன். அதுக்குள்ள காட்டினீங்கன்னா பாக்கிறேன்.”

பூட்ஸை மாட்டிக்கொண்டு அவர் இறங்கிப் போனதும், சுதாகரன் சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான். ஊரான் வீட்டுச் சுவர் எத்தனையோ இடித்திருக்கிறான், இப்படித் தயங்கியதில்லை. முதலில் மெல்லிய தகட்டை விட்டு டைல்ஸ் இடுக்கைச் சுரண்டினான். உடையாமல் எடுத்தால் புது வீட்டுக்கு ஆகுமே என்ற யோசனை. அந்த நேரத்திலும் அவனுக்கு மிச்சம் பிடிக்கத் தோன்றியது. லயமே வாசலில் கூடிவிட்டது.

“ஆப்பரேஷன் மெதுவா நடக்குது போல?” என்றார் விஜிதரன்.

“மிஸ் அடுத்த லயத்துல பாதி தாண்டிருச்சுங்க” என்றாள் பூரணி. அவள் குரலில் கேலி இல்லை.

சுதாகரன் ஓங்கி அடித்தான். டைல்ஸ் கீறியதே தவிர விழவில்லை. இன்னொன்று போட்டான். அப்போதும் விழவில்லை. இப்படியா ஒட்டுவான் ஒருவன், எந்தப் பாவி ஒட்டினான் இதை என்று தன்னையே திட்டிக்கொண்டு அடித்தான். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவனும் சிரித்தான். ஐந்தாறு அடிக்குப் பிறகு டைல்ஸ் மொத்தமாகப் பெயர்ந்து, மேலே பூசின பூச்சையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது.

சிரிப்பு நின்றது. அவன் அடைத்தபோது விரல் நுழையாமல் இருந்த வெடிப்பு அது. இப்போது அவன் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. உள்ளே சுவர் இல்லை. ஈர மண்ணும், எங்கிருந்தோ இறங்கி வந்த ஒரு வேரும் கையில் தட்டின. மூடி வைத்திருந்த இத்தனை நாளும் அது உள்ளுக்குள் வளர்ந்திருக்கிறது. சுதாகரன் கையை இழுத்துக்கொண்டான். அவனுக்குப் பயமாக இருந்தது. கொழும்பில் பத்தாம் மாடியில் சாரத்தில் நிற்கும்போது வராத பயம்.

சுலக்ஷனா திரும்பி வந்தார். அளவுகோலை வைத்துப் படம் எடுத்தார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“மழ பேயிற நாளைக்கும் இங்கயா தங்குறீங்க?”

“இங்கதான் மிஸ்” என்றான் சுதாகரன். “வேற எங்க போறது? நான் கொழும்புல இருந்தாலும் இவங்க ரெண்டு பேரும் இங்கதான். மக இந்தச் சொவரோரமாத்தான் படுக்கும்.”

“இல்ல மிஸ்” என்றாள் பூரணி.

சுதாகரன் திரும்பிப் பார்த்தான்.

“மழ வந்தா நானும் புள்ளையும் பாயத் தூக்கிக்கிட்டுக் கீழ பிள்ளைக்காம்பராவுக்குப் போயிருவோம். ரெண்டு வருஷமா அப்பிடித்தான். இவரு ஊருக்கு வந்திருக்கிற நாளைக்கு மட்டும் இங்க படுப்போம். அன்னைக்கு நான் தூங்கமாட்டேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றான் சுதாகரன்.

“நீங்க அவ்வளவு ஆசையா போட்டீங்க. எப்பிடிச் சொல்றது?”

வாசலில் நின்ற யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். விஜிதரனுக்குத் தெரியும், வீரய்யாவுக்குத் தெரியும். ஹோட்டல் முதலாளிக்கு மட்டுந்தான் தெரியாது. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. வழக்கமாக எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறவன், உடைந்த டைல்ஸைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

“எழுதிட்டேண்ணே” என்றார் சுலக்ஷனா. “ஒங்க பேரும் சேரும். ஆனா வீடு முடியிற வரைக்கும் இந்தக் காம்பராவுல யாரும் படுக்காதீங்க.”

இப்போது இந்தக் கதையைச் சொல்லும்போது, வீடு கேட்பதற்காக வீட்டை உடைத்தவன் இந்த மலைநாட்டிலேயே தான் ஒருத்தன்தான் என்று சுதாகரன் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். அதோடு நிறுத்திக்கொள்வான். அன்று சாயங்காலம் நடந்ததை எல்லோரிடமும் சொல்வதில்லை.

சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் தகரத்தில் விழுந்ததும் பூரணி பாயையும் போர்வையையும் சுருட்டினாள். லோஜினி புத்தகப் பையை எடுத்துக்கொண்டாள். எது எது எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகியிருந்தது. சுதாகரன் ஒரு தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் இறங்கினான்.

பகலில் வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அந்தப் பிள்ளைக்காம்பரா மண்டபத்தில், அக்கம்பக்கத்தவர்கள் ஏற்கெனவே பாய் விரித்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே பூரணிக்கும் லோஜினிக்கும் என்று ஓர் இடம் காலியாகவே கிடந்தது, யாரும் அதில் கால் வைக்கவில்லை. இரண்டு பேருக்கான இடம். தலையணையோடு நின்ற சுதாகரனைப் பார்த்த வீரய்யா, தன் பாயைச் சுவரோடு தள்ளிப் போட்டார்.

“வாங்க தம்பி. இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?”

தரை வெறும் சிமெந்து. ஒரு பக்கம் நன்றாகச் சரிந்திருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவனால் முடியவில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவன் படுத்ததும் மழை வலுத்தது. மேலே, லயத்துப் பக்கம், காற்று இரைந்தது. ஏதாவது பேசலாம் என்று சுதாகரன் திரும்பினான். ஒரு கையை மகள் மேல் போட்டபடி பூரணி அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.