மிச்சமிருந்த ஒன்பது மாத்திரைகள்

அறுபதுகளின் கடைசியில் என் கணவர் அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினார். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் எழுதிய புது மாத்திரையால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, மெஷின் மேலேயே மயங்கி விழுந்தார். வலது கை போயிற்று.

பிறகு குடையும் கையுமாக ஒருவர் வந்தார். பூந்தமல்லி வக்கீலின் குமாஸ்தாவாம். "டாக்டர் சீட்டும் மிச்ச மாத்திரையும் குடும்மா. மருந்துக் கம்பெனி மேல கேஸு போட்லாம். பீஸு வாணாம்."

காசு வாங்காமல் எவன் அலைவான்? தடயத்தை அழிக்க வந்த மருந்துக் கம்பெனி ஆள்தான் என்று முடிவுகட்டினேன். "தூக்கிப் போட்டாச்சு" என்று கதவைச் சாத்தினேன்.

அன்றே சீட்டையும் ஒன்பது மாத்திரைகளையும் டாக்டரின் கம்பவுண்டரிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டுக் காய்ச்சலுக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுத்தவர். "பத்திரமா வச்சிக்கணும்ணே."

"என்னாண்ட குட்துட்ட இல்ல, கவலைய வுடு தங்கச்சி."

மறுமாதம் குமாஸ்தா திரும்ப வந்தார், அதே மாத்திரையால் விழுந்த மூன்று பேரின் சீட்டுகளோடு. அவர் சொன்னது நிஜம்தான் என்று புரிந்து கம்பவுண்டரிடம் ஓடினேன்.

"இன்னா சீட்டு? எந்த மாத்திர?" என்றார், புட்டியைத் துடைத்தபடி. அந்தச் சீட்டை எழுதிய டாக்டரின் ஆள்தான் அவர் என்பது அப்போதுதான் உறைத்தது.

சீட்டு தொலைந்துவிட்டது என்றுதான் கணவரிடம் சொன்னேன். அவர் இடது கையால் சோறு பிசைந்தபடி என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் குனிந்து ரசம் ஊற்றுவேன்.