தீபம் இல்லாத மலை

அடி அண்ணாமலையில் வயலுக்கு நடுவே இருந்த எங்கள் வீட்டை, அம்மா செத்த பிறகுதான் வரைந்தேன். உயிரோடு இருந்தபோது வரைவதென்றால் அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டுமே. கீழ்பென்னாத்தூரில் ஒரு ஸ்கூலில் டிராயிங் டீச்சர் நான். வர நேரமில்லை என்று போனில் சொல்வேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

படத்தில் மழைக்கு முந்தின சாயங்காலம். மலையின் தலையை மேகம் மூடியிருக்கும். ஓடு, சுவர், வரப்பு எல்லாம் சாம்பல் நிறத்தில் ஊறிக் கிடக்கும். சமையலறை ஜன்னலில் மட்டும் ஒரு மஞ்சள் பல்ப். ஒரு ஆளுக்கு எதுக்கு இத்தனை லைட்டு என்று அம்மா மற்ற அறைகளை இருட்டாகவே வைத்திருந்தாள். அந்த மஞ்சளைக் கலக்க நாலு நாள் ஆனது. நான் வரைந்ததில் பொய் இல்லாத படம் அது ஒன்றுதான்.

சென்னையில் அண்ணன் வாங்கிய ஃப்ளாட்டின் கிரகப்பிரவேசத்துக்கு அதைக் கொண்டுபோனேன். ஹாலில் மாட்டட்டும், யார் வீடு என்று வருகிறவர்கள் கேட்கட்டும், அவன் பதில் சொல்லட்டும். வன்மம்தான், வேறென்ன.

அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"என்னம்மா இது, மலை மேல தீபமே இல்ல? நல்ல நாள் அதுவுமா எழவு வீடு மாதிரி இருக்குது. ஒரு தீபம் போட்டுடு."

எங்கள் ஊர்க்காரர்கள் யார் மலையை வரைந்தாலும் உச்சியில் தீபம் இருக்கும். காலண்டரில், கடை போர்டில், ஸ்கூல் பிள்ளைகளின் டிராயிங் நோட்டில். கார்த்திகையில் சில நாள் எரிவது படத்தில் வருஷம் பூரா எரியும்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சுற்றிலும் சொந்தக்காரர்கள். அண்ணன் மகளின் பெயிண்ட் டப்பா வந்தது. மேகத்தை அழித்துவிட்டு தீபம் வைத்தேன். தீபத்தன்று வாசல் இருட்டாக இருக்கக் கூடாதே என்று அகல் வரிசையும் வைத்தேன். அத்தனை வெளிச்சத்தில் சமையலறை பல்பு கண்ணிலேயே படவில்லை.

"எவ்ளோ அம்சமா இருக்குது! உங்கம்மா குடுத்து வெச்சவங்க" என்றாள் சித்தி. அண்ணன் தலையாட்டினான். நானும்தான்.

அம்மாவைப் பார்க்க நாங்கள் ரெண்டு பேரும் போனது தீபத்தன்று மட்டும். தீபம் பார்த்து, சாப்பிட்டு, பஸ்ஸில் கூட்டம் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவோம். மிச்ச நாளெல்லாம் அவள் இருந்தது நான் முதலில் வரைந்த படத்தில். அதன் மேல்தான் நாங்கள் போன அந்த ஒரு நாளை என் கையாலேயே பூசிவிட்டு வந்தேன்.