பின்கட்டில் ஏழு நாள்

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை விழுங்குகிறேன். கூடக் குடிக்கும் தண்ணீர் எப்போதும் ஒரே எவர்சில்வர் டம்ளரில்தான். விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். அடியில் பெயின்டால் வைத்த சிவப்புப் பொட்டு ஒன்று பாதி உதிர்ந்து கிடக்கிறது. மற்ற பாத்திரங்களோடு கலந்துவிடக் கூடாது என்று பெரியம்மா வைத்த பொட்டு அது. மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் கூட்டுக் குடும்பத்துப் பெண்கள், மாதவிலக்கான மூன்று நாளும் பின்கட்டு அறையில் தனியாக உட்கார்ந்து அந்த டம்ளரில்தான் குடித்தோம்.

அந்தச் சட்டத்தைக் கட்டிக்காத்தவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணா. கல்வி இலாகாவில் ஹெட் கிளார்க். ஃபைலில் ஒரு கமா இடம் மாறினாலும் பொறுக்கமாட்டார், வீட்டிலும் அப்படித்தான். பின்கட்டுக்குள் போன எதுவும் அலம்பாமல் வெளியே வரக் கூடாது. தட்டை அலம்பலாம், பாயை அலம்பலாம். புத்தகத்தை அலம்ப முடியாதே! ஆகவே புத்தகம் உள்ளே போகவே கூடாது. தொண்ணூறுகளின் நடுவில், நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம், காலண்டரில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். கணக்குப் பரீட்சை சரியாக அந்த மூன்று நாளில் வந்து விழுந்தது. கணக்கில் நான் ரொம்ப சுமார். முந்தின நாள் புரட்டிப் பார்க்காவிட்டால் தேறவே மாட்டேன். பரீட்சை எழுதப் போகலாமாம், அதற்குப் படிக்கத்தான் கூடாதாம். என்ன நியாயமோ! கேள்வி கேட்டே எல்லோர் உயிரையும் வாங்குகிறவள் நான். "ஏன் பெரியப்பா புஸ்தகம் கூடாது?" என்றேன். "சாஸ்திரம்" என்றார். அதற்கு மேல் கேட்டால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். கதை முடிந்தது.

அந்த வருஷம் பெரியப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. காபியைத் தூக்கினால் பாதி வேஷ்டியில். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் துரும்பாக இளைத்தார். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. அது முன்பும் உண்டு என்பதால் யாரும் அதை வியாதியில் சேர்க்கவில்லை. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று கண்டுபிடித்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஈயக் குடுவைக்குள் வைத்திருந்த சின்ன பாட்டிலிலிருந்து கதிரியக்க அயோடினை ஸ்டிரா வைத்து உறிஞ்சச் சொன்னார்களாம். கழுத்துச் சுரப்பி அயோடினைத் தேடித் தேடி இழுத்துக்கொள்ளும். உள்ளே போனது அந்தச் சுரப்பியைச் சுட்டு அடக்கிவிடும். "வெறும் தண்ணி மாதிரி இருந்துது. இதுக்கா இத்தனை தடபுடல்!" என்றார் வாசலில் காரைவிட்டு இறங்கியதும்.

இறங்கியவர் படியேறவில்லை. டாக்டர் கொடுத்த காகிதத்தை வாசலில் நின்றே உரக்கப் படித்தார். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் படுக்கை. துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஏழு நாள் யாரோடும் நெருங்கி உட்காரக் கூடாது. முக்கியமாகக் குழந்தைகள், கர்ப்பிணிகள். எல்லோருக்கும் ஒரே அறைதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பெரியம்மாதான் அதைச் சொன்னாள். "ஏன்னா, இதெல்லாம் டாக்டர் எழுதித் தரணுமா? நம்மாத்துலே இருக்கறதுதானே. பின்கட்டிலே பாய் போட்டுடறேன்." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தளிகையுள்ளுக்கு ஓடினாள். எங்கள் பேச்சில் சமையலறைக்கு அதுதான் பெயர்.

மறுநாள் காலை பின்கட்டிலிருந்து குரல் வந்தது. "பேப்பர் எங்கே?" பேப்பர் இல்லாமல் பெரியப்பாவுக்குக் காபி இறங்காது. பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "பேடவே பேடா, கூடவே கூடாது! உள்ளே போனதை அலம்பித்தான் வெளியே எடுக்கணும்னு சொன்னது நீங்கதானே? பேப்பரை எப்படி அலம்பறது?" அவள் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். நாலாம் நாள் தலைக்குத் தண்ணீர் விட்டால் கதிரியக்கமும் இறங்கிவிடும் என்று அடுப்பில் வெந்நீர்கூடப் போட்டாள். "அலம்பினா போற சரக்கில்லேடீ இது" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

பாவம், மூன்று நாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் என்னை மெல்லக் கூப்பிட்டார். "அம்மாடி, கிட்டே வராதே. அங்கேயே நின்னு பேப்பரைக் கொஞ்சம் விரிச்சுப் பிடி." முற்றத்தின் அந்தக் கோடியில் நின்று பிடித்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலைப்புகளை மட்டும் படித்தார். "கையை ஆட்டாதேடீ!" என்று அவர் அதட்டினாரே பார்க்கலாம், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எனக்கு அவருக்குள் இருந்த, கண்ணுக்குத் தெரியாத அந்த வஸ்துவின் மேல்தான் கவனம். இதற்கு அவரால் 'சாஸ்திரம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாதே! "எப்போ பெரியப்பா அது போகும்?" என்று கேட்டேன்.

"எட்டு நாளைக்கு ஒரு தரம் பாதியாகுமாம். அப்புறம் அதிலே பாதி, அதிலேயும் பாதி."

"அப்போ பூஜ்யமே ஆகாதா?"

"கணக்குப்படி ஆகாது. யாரையும் ஒண்ணும் பண்ணாத அளவுக்குக் குறைஞ்சா போறும்னார் டாக்டர்."

யோசித்தேன். சத்தியமாக எதிர்த்துப் பேசுகிற எண்ணமில்லை. தெரிந்துகொள்ளும் ஆசை, அவ்வளவுதான். "உங்களுக்குள்ளே மத்தவாளைச் சுடற வஸ்து இருக்கு, சரி. எங்களுக்குள்ளே என்ன இருக்கு பெரியப்பா?"

கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. சிவப்புப் பொட்டு வைத்த அந்த டம்ளரைத் தரையில் வைத்தார். "பேப்பரை மடிச்சு வை" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம், இனி புத்தகப் பேச்சையே எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு நாள் முடிந்து அவர் உள்ளே வந்தார். வாரங்கள் ஓடின. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் நான் பயந்தபடியே ஆயிற்று. பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். மாடத்தில் டம்ளர் இல்லை. பாயும் இல்லை. திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றபோது கூடத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "அங்கே என்னடீ பண்றே? நாளைக்குக் கணக்குப் பரீட்சை இல்லையா? இங்கே வந்து படி."

"ஏன்னா, அவ இன்னிக்கு..." என்று பெரியம்மா பதறினாள்.

"தெரியும்" என்றார்.

கூடத்து நிலைப்படியில் தயங்கி நின்றேன். நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கை முன்போல அவ்வளவு நடுங்கவில்லை. கையில் இருந்தது விளிம்பு நசுங்கிய டம்ளர்.

"அந்த டம்ளர்..." என்று இழுத்தேன்.

"இது என்னோடது. நீ தளிகையுள்ளே போய் வேறே எடுத்துக்கோ." சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

போனேன். கால் கூசியது. பெரியம்மா ஒதுங்கி வழிவிட்டாள். அன்று பெரியப்பாவின் மேல் எனக்கு வந்த பிரியம் அதற்குப் பிறகு குறையவே இல்லை.

சாஸ்திரம் தப்பு என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. என் கேள்விதான் காரணமா, சுவரைப் பார்த்த அலுப்பா, எனக்கு இன்றும் தெரியாது. கேட்டிருக்கலாம். எதையும் கேட்காமல் விடாத நான் அதை மட்டும் கேட்கவில்லை. சுட்ட சுரப்பி பிறகு ஒரேயடியாக அடங்கிப்போனதால் ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டார், அந்த டம்ளரில்தான். அவர் போனபின் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டபோது அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் என் பெண் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். அவளுக்கு அன்று இரண்டாம் நாள். சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தாள், மடியில் கணக்குப் புத்தகம். "அடியிலே இது என்னம்மா சிவப்பா? யாரோட டம்ளர் இது?" என்று கேட்டாள்.

"எங்க பெரியப்பாவோடது" என்றேன்.